பிரின்ஸ் பைத்தியம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் செங்கோட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் ராத்திரிக் கணக்குப் பார்க்கிறவன். பாவூர்சத்திரத்துக் காய்கறியும் சுற்றுவட்டார வைக்கோலும் கேரள எல்லையான புளியரை வழியாக மலையேறி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று இறங்குகிற நேரம்தான் என் வேலை நேரம். ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வரும்வரை மேஜையில் லேப்டாப் திறந்திருக்கும். அதில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு சின்ன ஆள் ஓடிக்கொண்டிருப்பான். டிரைவர்கள் கேட்கிறார்கள், டீ கொண்டுவருகிற பையன் கேட்கிறான், வீட்டிலும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

இது என்ன கேம், அண்ணாச்சி?

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் ஏறக்குறைய தனியாளாக நாலு வருஷம் உட்கார்ந்து செய்தது. 1989-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்தது. அடுத்த வருஷம் டாஸுக்கு (விண்டோஸுக்கு முந்தைய பழைய கம்ப்யூட்டர் இயங்குதளம்) வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. கதை நாலு வரிக்குள் அடங்கிவிடும். சுல்தான் போருக்குப் போயிருக்கிறார். மந்திரி ஜாஃபர் இளவரசியிடம் ‘என்னைக் கல்யாணம் செய், இல்லாவிட்டால் சாவு’ என்று மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைக்கிறான். அவள் விரும்பும் பையன் பாதாளச் சிறையில் கிடக்கிறான். அவன் ஒரு மணி நேரத்துக்குள் மேலே வர வேண்டும்.

அந்த ஒரு மணி நேரம் நிஜமான 60 நிமிஷம். எத்தனை தடவை செத்தாலும் அந்த லெவலின் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓடலாம். ஆனால் கடிகாரம் பின்னால் போகாது. செத்த நேரம் செத்ததுதான்.

சின்ன வயதில் ஆடியதா?

ஆமாம். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய சங்கதி இது.

1997. ப்ளஸ் ஒன் முடிந்த கோடை லீவு. ஊரில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். டாஸ், வேர்ட்ஸ்டார், ஃபாக்ஸ்ப்ரோ சொல்லித் தருவார்கள், கடைசியில் ஒரு சர்டிபிகேட். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏசி அறை, நாலு கம்ப்யூட்டர், அதில் ஒன்றுக்குத்தான் கலர் மானிட்டர். பாடம் போக ‘ப்ராக்டீஸ் அவர்’ என்று ஒன்று உண்டு. மணிக்கு 15 ரூபாய் கொடுத்தால் தனியாக உட்கார்ந்து பழகலாம். நாங்கள் என்ன பழகினோம் என்பது சாருக்கும் தெரியும். 15 ரூபாய் வருகிறதே என்று கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்.

என் கூட்டாளி ஆரியங்காவுக்காரன். சனிக்கிழமை தோறும் மீட்டர் கேஜ் ரயிலில் குகையெல்லாம் தாண்டி வருவான். அவன் வீட்டில் பாதித் தமிழ், பாதி மலையாளம். எங்கள் ஊரே 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர்தானே, அதனால் அவன் பேச்சு இங்கே யாருக்கும் வித்தியாசமாகப் படாது. இரண்டு பேரும் ஏழரை ஏழரை ரூபாய் போட்டு ஒரு மணி நேரம் வாங்குவோம். அவன் ஓடுவான், நான் ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொள்வேன். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அடியெடுத்து வைத்தால் பள்ளத்தின் விளிம்பில் நிற்கலாம், முள்ளுக்கு நடுவே காயமில்லாமல் போகலாம், விழும்போது கல்லைப் பிடித்துத் தொங்கலாம். இளவரசனின் உயிர் என் சுண்டுவிரலில் இருந்தது என்று அவனிடம் இன்றைக்கும் சொல்வேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆட்டத்துக்கு 60 நிமிஷம். எங்கள் ப்ராக்டீஸ் அவரும் 60 நிமிஷம். மெஷின் பூட் ஆகவும், சார் ஒரு ரவுண்டு வந்து போகவும், அதுவரை திரையில் ஃபாக்ஸ்ப்ரோ காட்டவும் அஞ்சு பத்து நிமிஷம் போய்விடும். ஆக, கடிகாரம் தீர்வதற்கு முன்னால் எங்கள் காசு தீர்ந்துவிடும்.

மூன்றாவது லெவலிலிருந்து கண்ட்ரோல், ஜி அழுத்தி சேவ் செய்யலாம்தான். ஆனால் டாஸ் பதிப்பில் ஒரே ஒரு சேவ் இடம்தான். நீங்கள் எட்டாவது லெவலில் சேவ் செய்துவிட்டுப் போவீர்கள். மதியம் வருகிற எவனோ மூன்றாவது லெவலில் சேவ் செய்வான். உங்கள் எட்டு காலி. இதற்காக ஒரு தடவை சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போயிற்று. பிறகு யாருடைய சேவையும் அழிப்பதில்லை என்று ஒரு ஒப்பந்தம் போட்டோம். அது இரண்டு வாரம் தாங்கியது.

இன்னொரு கொடுமையும் உண்டு. முதல் லெவல் முடிந்ததும் ஒரு அறை வரும். வரிசையாகக் குப்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து. விளையாட்டோடு வந்த கையேட்டில் இத்தனாவது பக்கம், இத்தனாவது வரி, இத்தனாவது சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று கேட்கும். திருட்டுப் பிரதி ஆடுகிறவனை மடக்க வைத்த பூட்டு அது. எங்களிடம் இருந்தது ஃப்ளாப்பிக்கு ஃப்ளாப்பி தாவி வந்த பிரதி. கையேட்டை யார் கண்டார்? குத்துமதிப்பாக எடுத்துக் குடிப்போம். தப்பான குப்பி விஷம். சரியாக விழுந்த எழுத்தை எல்லாம் பக்கம், வரி, சொல் என்று கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தோம். இங்கிலீஷ் கேள்விக்குக்கூட நான் அப்படி நோட்ஸ் எடுத்ததில்லை.

அந்த லீவில் கடைசி லெவலுக்கு முந்தியது வரை போனோம். ஜூன் பிறந்தது, சாரல் தொடங்கியது, பள்ளிக்கூடம் திறந்தது. ஆட்டம் முடியவில்லை.

இந்த வயதில் மறுபடி எப்படித் தொற்றியது?

2020 மார்ச்சில் நாடே பூட்டியபோது புளியரையிலும் பூட்டினார்கள். பாஸ் வைத்திருக்கிற சரக்கு வண்டிகள் மட்டும் போகும். ஆபீஸைத் திறந்து வைக்க வேண்டும், ஆனால் வேலை கிடையாது. ஒரு ராத்திரி சும்மா தேடிப் பார்த்தேன், கிடைத்தது. முதல் தடவை பத்து நிமிஷத்தில் ஆறு தடவை செத்தேன். விரல் எல்லாவற்றையும் மறந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவது நாள், யோசிக்காமலே ஒரு ஆடும் கல்லைத் தாண்டிக் குதித்தேன். தாண்டிய பிறகுதான் அங்கே ஆடும் கல் இருந்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்குப் பிடித்த பிடி.

ஒரு வாரத்தில் முதல் ஆட்டத்தை முடித்தேன். 23 வருஷம் தள்ளிப் போன முடிவு. இளவரசி ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறாள், அவ்வளவுதான் காட்சி. நான் எழுந்து வெளியே போய் ரோட்டில் நின்றேன். ஒரு நாய்கூட இல்லை. உள்ளே வந்து மறுபடி தொடங்கினேன். அதன் பிறகு தொடரின் மற்ற ஆட்டங்கள் எல்லாம் வரிசையாக. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இதுவரை முழுச் சுற்று ஆறு. முதல் ஆட்டத்தை மட்டும் தனியாக எத்தனை தடவை என்றால், 200-க்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

எல்லாம் தெரிந்த பிறகு அதையே ஆடுவதில் என்ன இருக்கிறது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். ஒரு புனலூர் டிரைவர், “எந்தா அண்ணாச்சி, இதே படிக்கட்டுலதானே நேத்தும் ஓடினீங்க?” என்று கேட்டார். நீங்களும் நேற்று இதே எஸ் வளைவில்தானே ஏறினீர்கள் என்றேன். சிரித்துவிட்டார்.

கிண்டலுக்குச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. மலை ஓட்டுகிறவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். புதிதாக வருகிறவர் ரோட்டைப் பார்த்து ஓட்டுவார். இருபது வருஷம் ஓட்டியவர் எந்த வளைவுக்கு எந்த கியர் என்று கையிலேயே வைத்திருப்பார், வாயால் வீட்டுக் கதை பேசிக்கொண்டு வருவார். லோடு ஒரு டன் கூடினால் மூன்றாவது வளைவிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். ரோடு மாறாமல் இருப்பதால்தான் மாறியது எது என்று தெரிகிறது.

பிரின்ஸும் அப்படிப்பட்ட ரோடு. எந்தக் காவலாளி எங்கே நிற்பான், எந்தக் கல் ஆடும், எந்தக் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கும் எல்லாம் 1989-ல் முடிவாகிவிட்டது. மாறுவது நான்தான். தூக்கம் கெட்ட அன்று நாலாவது லெவலில் விழுவேன். மனதில் ஏதாவது உறுத்தினால் பாக்குவெட்டியில் மாட்டுவேன். (மேலும் கீழும் பல் வைத்து டக் டக்கென்று மூடித் திறக்கிற அந்த வெட்டுப்பொறிக்கு நாங்கள் வைத்த பெயர். அசல் பெயர் எதுவானாலும் இதுதான் பொருத்தம்.)

இன்னொன்று, அந்த ஓட்டம். மெக்னர் தன் தம்பியை வெள்ளை உடுப்பில் ஓடவும் குதிக்கவும் தொங்கி ஏறவும் வைத்து வீடியோ எடுத்தார். பிறகு ஒவ்வொரு ஃப்ரேமாக அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் வரைந்தார். வாள் சண்டைக்கு 1938-ல் வந்த ராபின் ஹூட் படத்தின் கடைசிச் சண்டையைப் பார்த்துக்கொண்டார். அதனால் இந்த ஆளுக்கு உடம்பு இருக்கிறது, கனம் இருக்கிறது. கீயை அழுத்தியவுடன் பறக்க மாட்டான், ஒரு அடி எடுத்து வைத்துத்தான் குதிப்பான். ஓடும்போது நிறுத்தினால் சறுக்கி நிற்பான். ஒரு மாடி விழுந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டு மாடி விழுந்தால் ஒரு உயிர் குறையும், மூன்று மாடி என்றால் முடிந்தது. புதிதாக ஆடுகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். பழகிவிட்டால் மற்ற விளையாட்டு ஆட்கள் எல்லாம் காகிதத்தில் வெட்டி ஒட்டியவர்கள்போலத் தெரிவார்கள்.

கண்ணாடியிலிருந்து ஒருவன் வருவானாமே?

அவனைப் பற்றித் தனியாகவே ஒரு பக்கம் எழுதலாம். நாலாவது லெவலின் முடிவில் வழியை மறித்து ஒரு கண்ணாடி நிற்கும். ஓடிவந்து அதற்குள்ளேயே குதிக்க வேண்டும். குதித்தால் உங்கள் நிழல் பிரிந்து எதிர்ப்பக்கமாக ஓடிவிடும், உங்கள் உயிர் ஒன்றாகக் குறைந்துவிடும். அடுத்த லெவலில் நீங்கள் கைநீட்டப் போகிற மருந்தை அவன் முந்திக் குடிப்பான். அதற்கடுத்ததில் நீங்கள் தாண்டுகிற நேரம் பார்த்துக் கதவை மூடிவிடுவான். நாங்கள் அவனுக்கு டூப்பு என்று பெயர் வைத்திருந்தோம்.

இவன் பிறந்த கதை இன்னும் நன்றாக இருக்கும். ஆப்பிள் 2-ன் நினைவகத்தை இளவரசனின் படங்களே தின்றுவிட்டன. எதிரி என்று புதிதாக ஒருவனை வரைய இடமில்லை. ஆகவே மெக்னர் இளவரசனின் அதே படங்களை எடுத்து, ஒரு புள்ளி நகர்த்தி அதன் மேலேயே கலந்து, மினுங்குகிற ஒரு நிழல் உருவத்தை உண்டாக்கினார். புதுப் படம் ஒன்றுகூடச் செலவில்லை. காவலாளிகளுக்குப் பிறகு எப்படியோ இடம் பண்ணினார். ஆனால் ஆட்டத்தில் மறக்க முடியாத ஆள் இந்த ஓசி ஆள்தான்.

பன்னிரண்டாவது லெவலில் அவன் வாளோடு எதிரே நிற்பான். அவனைக் குத்தினால் உங்கள் உயிர் குறையும். நாங்கள் நாலு சனிக்கிழமை அவனைக் குத்திக் குத்திச் செத்தோம். அஞ்சாவது சனிக்கிழமை ஆரியங்காவுக்காரன் வெறுத்துப்போய்க் கீழ் அம்பை அழுத்தினான். வாள் உறைக்குள் போயிற்று. எதிரே அவனும் உறையில் போட்டான். நேராக நடந்தோம், இரண்டு பேரும் ஒன்றானார்கள். அதற்கப்புறம் வெறும் பள்ளம். துணிந்து ஓடினால் காலுக்குக் கீழே பாலம் முளைக்கும். அது எங்களுக்குத் தெரியவில்லை. பள்ளத்தின் விளிம்பில் நின்று, முட்டுச்சந்து போலிருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தபோது சார் வந்து “டைம் ஆச்சு” என்றார்.

இதைச் சொல்லிக்கொடுக்காமல் இருந்திருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். மன்னியுங்கள். கேட்டதால் சொன்னேன்.

தொடரில் எதை எந்த வரிசையில் ஆட வேண்டும்?

வந்த வரிசையில் ஆடுங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஆட வேண்டிய அவசியமில்லை.

1993-ல் வந்த இரண்டாவது பாகத்துக்கு 75 நிமிஷம். இளவரசன் ஜன்னலை உடைத்துக்கொண்டு குதிப்பதில் தொடங்கும். கப்பல், எலும்புக்கூடுகள் நிறைந்த குகை, பறக்கும் கம்பளம் எல்லாம் உண்டு. படம் அழகு. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் வாளோடு வருவார்கள், அது எனக்குச் சந்தைக்கடைச் சண்டை மாதிரி இருக்கிறது. 1999-ல் வந்த முப்பரிமாண ஆட்டத்தில் கேமரா எப்போதும் தப்பான பக்கம் திரும்பி நிற்கும். ஒரு சுற்றில் ஆடினேன், மற்ற சுற்றுகளில் தாண்டிவிட்டேன். என் சுற்று, என் விதி.

2003-ல் யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனியின் மாண்ட்ரியல் கிளை செய்த சாண்ட்ஸ் ஆஃப் டைம்தான் தொடரின் ராணி. மெக்னரே கதை எழுதினார். இது நம்ம பக்கம் தொடங்குகிற கதை என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. இளவரசனும் அவன் அப்பாவும் ஒரு இந்திய மகாராஜாவின் அரண்மனையை, உள்ளே இருக்கிற மந்திரியின் துரோகத்தால் பிடித்துக் கொள்ளையடிக்கிறார்கள். காலத்தின் மணல் அடைத்த பெரிய கடிகாரமும் ஒரு குறுவாளும் கைக்கு வருகின்றன. கூடவே சிறைபிடிக்கப்படுகிற மகாராஜாவின் மகள் ஃபாராதான் பிறகு வில்லோடு துணைக்கு வருகிறாள். குறுவாளில் மணல் இருக்கும்வரை நேரத்தைப் பின்னால் இழுக்கலாம். விழுந்துவிட்டீர்களா, பொத்தானை அழுத்துங்கள், விழாத நேரத்துக்குப் போய்விடலாம்.

முதல் ஆட்டத்தின் 60 நிமிஷத்தோடு வளர்ந்தவனுக்கு இது என்ன என்று யோசித்துப் பாருங்கள். 14 வருஷம் திரும்பாமல் ஓடிய கடிகாரத்தை ஒருத்தன் பிடித்து, “இந்தா, வேண்டுமளவு திருப்பிக்கொள்” என்று கையில் கொடுக்கிறான். அதிலும் இந்த ஆட்டம் முழுவதையும் இளவரசனே கதையாகச் சொல்கிறான். மணல் தீர்ந்து நீங்கள் செத்துப்போனால், தப்பாகச் சொல்லிவிட்டேன், அப்படி நடக்கவில்லை என்கிற மாதிரி தன்னைத் திருத்திக்கொள்வான். எங்கள் ஆச்சி ராத்திரி கதை சொல்லும்போது நாங்கள் தூங்காமல் குறுக்கே கேள்வி கேட்டால் இப்படித்தான் பாதியில் நிறுத்தி மாற்றுவாள்.

2004-ல் வந்த வாரியர் விதினில் இளவரசன் முரடனாகிவிட்டான், சுற்றிலும் இரைச்சல் இசை. எனக்கு ஆகாது. ஆனால் தஹாகா என்ற கரும்பூதம் துரத்துகிற இடங்களில் உள்ளங்கை வியர்க்கும், அதை மறுக்க முடியாது. 2005-ன் டூ த்ரோன்ஸ் நல்ல முடிவு. 2008-ல் வந்ததில் சாகவே முடியாது. விழப்போனால் எலிகா என்ற பெண் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவாள். பலர் திட்டினார்கள். அதிகாலை நாலு மணிக்குக் களைத்துப்போய் ஆடுகிறவனுக்கு அந்தக் கை நல்ல கை. 2010-ன் ஃபர்காட்டன் சாண்ட்ஸில் கொட்டுகிற தண்ணீரை நொடியில் உறைய வைத்துச் சுவராக்கி ஏறலாம். குற்றாலத்துக்காரனுக்கு அது ஒன்றே போதும்.

2024 ஜனவரியில் வந்த லாஸ்ட் க்ரௌன் பழையபடி பக்கவாட்டில் ஓடுகிற ஆட்டம். நாயகன் இளவரசனே இல்லை, சர்கோன் என்ற வீரன். பாரசீக மொழியிலேயே பேச வைத்து ஆடலாம். அப்படித்தான் ஆடினேன், ஒரு வார்த்தை புரியாமல், கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துக்கொண்டு. இப்போதைய விளையாட்டுகளில் இவ்வளவு சுத்தமான குதியைப் பார்த்ததில்லை.

சாண்ட்ஸ் ஆஃப் டைமைப் புதுப்பித்துச் செய்கிறோம் என்று 2020-ல் அறிவித்து, புனே, மும்பைக் கிளைகளிடம் கொடுத்து, 2022-ல் மாண்ட்ரியலுக்கு மாற்றினார்கள். நான் காத்திருக்கவில்லை. பழையதே இன்னும் தேயவில்லை.

ஏமாற்று விசை (‘சீட்’) போட்டு ஆடலாமா?

உங்கள் கேம், உங்கள் மனசாட்சி. டாஸுக்கு வந்த முதல் பதிப்பைத் தொடங்கும்போது பிரின்ஸ் என்பதோடு மெகாஹிட் என்று சேர்த்து அடித்தால் ஏமாற்று விசைகள் திறக்கும். உயிர் கூட்டலாம், லெவல் தாவலாம், நேரத்தைக்கூட ஏற்றலாம். 1997-ல் இது தெரிந்திருந்தால் நாங்கள் அதே வாரம் ஆட்டத்தை முடித்து, அதே வாரம் மறந்திருப்போம்.

இப்போது எங்கே கிடைக்கும்? பழைய கம்ப்யூட்டர் வேண்டுமா?

வேண்டாம். டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் இன்றைய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய டாஸ் மெஷினை உண்டாக்கிக் கொடுக்கும். பழைய ஆட்டங்கள் அதில் ஓடும். முதல் ஆட்டத்துக்கு எஸ்டிஎல்பாப் என்று ஒன்று உண்டு. டாஸ் பதிப்பைப் பிரித்துப் பார்த்து, அப்படியே இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி ரசிகர்கள் எழுதியது. என் லேப்டாப்பில் அதுதான். சாண்ட்ஸ் ஆஃப் டைமும் அதன் இரண்டு தொடர்ச்சிகளும் ஸ்டீம், ஜிஓஜி என்ற இணையக் கடைகளில் விலைக்கு இருக்கின்றன. தள்ளுபடி நாளில் ஒரு பரோட்டா, சிக்கன் சாப்பிடுகிற காசுதான் ஆகும். காசு கொடுத்தே வாங்குங்கள். ஃப்ளாப்பி திருடிய பாவத்தை நான் அப்படித்தான் கழித்தேன்.

அசலின் மூல நிரல் பல வருஷம் காணாமல் கிடந்தது. 2012-ல் மெக்னரின் அப்பா வீட்டு அலமாரியின் பின்னால் ஒரு பெட்டியைக் கண்டுபிடித்தார், உள்ளே பழைய டிஸ்க்குகள். தேர்ந்தவர்களை வைத்து அதைப் படித்தெடுத்து, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்துவிட்டார்கள். அந்த அப்பாதான் முதல் ஆட்டத்துக்கு இசை போட்டவரும்.

போனில் ஆடலாமா?

ஆடலாம். நான் ஆடமாட்டேன். கண்ணாடித் திரையில் ஷிஃப்ட் கீயை எங்கே பிடிப்பது?

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான். உட்கார வைத்தேன். “மாமா, இவன் ஏன் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேங்கிறான்?” என்று கேட்டுவிட்டு அஞ்சு நிமிஷத்தில் எழுந்தான். லாஸ்ட் க்ரௌனைக் கொடுத்தேன், அதை விடவில்லை. வாரியர் விதின் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், ரத்தம் அதிகம்.

இது ஒரு வியாதி இல்லையா?

கேட்டது என் மனைவி. பதிலுக்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஆவணியில், ஓணச் சமயம். கேரளாவுக்குக் காய்கறி ராப்பகலாக ஏறுகிற வாரம். ராத்திரி ரெண்டு மணிக்கு முட்டைக்கோஸ் லோடு ஒன்று போக வேண்டும். பில்லில் ஒரு எண் தப்பாகி வண்டி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் நாலு தடவை அழைத்திருக்கிறார். நான் பதினோராவது லெவலில், 33 நிமிஷம் மிச்சம் வைத்து ஓடிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாள் சாதனை அது. போன் சைலண்டில். பார்த்தபோது மணி மூன்றரை. லோடு சந்தைக்குப் பிந்திப் போய், விலை இறங்கி, வித்தியாசம் 3,500 ரூபாயை என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். முதலாளி திட்டவில்லை. “விளையாட்டு நல்லதுதான், தம்பி” என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

அதற்கப்புறம்தான் படித்துப் பார்த்தேன். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில், விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள். நிறுத்த நினைத்தாலும் முடியாமல் போவது, மற்ற எல்லா வேலைக்கும் மேலாக விளையாட்டை வைப்பது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர்வது. இது மூன்றும் வீட்டையும் வேலையையும் பாதிக்கிற அளவுக்கு, சாதாரணமாக ஒரு வருஷம் நீடித்தால்தான் கோளாறு என்பார்கள். மணிக்கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. முட்டைக்கோஸ் ராத்திரியை வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்றரைப் புள்ளி. உங்களுக்கு மூன்றும் இருந்தால் 14416-ல் டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் இருக்கிறது, இலவசம். தமிழிலேயே பேசலாம்.

இப்போது ஏதாவது கட்டுப்பாடு வைத்திருக்கிறீர்களா?

போன் சத்தமாக, கீபோர்டுக்குப் பக்கத்தில். வண்டி ரோட்டில் இருக்கும்போது ஆட்டம் கிடையாது. ராத்திரிக்கு ஒரு மணி நேரம், அதாவது ஒரே ஒரு ஆட்டம். தோற்றாலும் அன்றைக்கு அவ்வளவுதான். பழைய ப்ராக்டீஸ் அவர் கணக்கேதான், இப்போது சார் வேலையையும் நானே பார்க்கிறேன். ஓண வாரத்தில் லேப்டாப்பே வீட்டில். ஒரு தடவை மீறியிருக்கிறேன். அதை வீட்டில் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆரியங்காவுக்காரர் இப்போது எங்கே?

ஷார்ஜாவில். 2003-ல் போனான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். அவன் சனிக்கிழமை வந்த மீட்டர் கேஜ் ரயிலை 2010-ல் நிறுத்தினார்கள், 2018-ல் அகலப்பாதை முழுதாகத் திறந்தது. போன தடவை அந்தப் புது ரயிலில்தான் செங்கோட்டைக்கு வந்தான். “குகை அதேதான், சத்தம்தான் வேற” என்றான்.

ராத்திரி ஆபீஸுக்குக் கூட்டி வந்தேன். லேப்டாப்பைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து முதல் முள்ளிலேயே செத்தான். பிறகு விரல் திரும்பி வந்தது. பன்னிரண்டாவது லெவலில் டூப்பு எதிரே நின்றபோது என்னைத் திரும்பிப் பார்க்காமலே கீழ் அம்பை அழுத்தினான். பள்ளத்தின் விளிம்பில் நின்றான். இப்போது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நின்றுகொண்டே இருந்தான். கடிகாரம் ஓடித் தீர்ந்தது.

அந்த நேரம் வைக்கோல் வண்டி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. நான் வெளியே போய் டிரிப் ஷீட் எழுதிக் கொடுத்து, டிரைவரோடு ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். உள்ளேயிருந்து முதல் லெவலின் கதவு இறங்குகிற சத்தம் கேட்டது.

“கத்தி இடது பக்கம் கிடக்கும்” என்றேன்.

“எனிக்கறியாம்லே, எனக்குத் தெரியும்” என்றான்.